கனடா போகிறேன்: கையைக் கடிக்காத செலவில் சால்மன் தூண்டில் பழகுவது எப்படி?

தேவகோட்டை வாத்தியார் | 3 மார்ச் 2025, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மகன் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து அபட்ஸ்ஃபோர்டு ஊரில் இருக்கிறான். வரும் ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரியும் போய், நவம்பர் கடைசி வரை அவனோடு தங்குகிறோம். ஃப்ரேசர் ஆறு அவன் வீட்டுக்குப் பக்கம்தான். கடலில் இருந்து சால்மன் மீன் ஆற்றில் ஏறி வரும் பருவமும் அதே மாதங்கள்தானாம். அவனுக்குத் தூண்டில் பழக்கம் கிடையாது. ஆனால் விடுமுறை நாட்களில் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்மாய்த் தூண்டில். மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, மண்புழு. ரீல் வைத்த ராடைத் தொட்டது கூட இல்லை. சால்மன் பிடிப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்றே கேள்விப்பட்டிருக்கிறேன். உரிமம், சாமான்கள் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்கு மேல் என்னால் செலவழிக்க முடியாது. மகன் கையில் காசு வாங்கவும் விருப்பமில்லை. இந்தத் தொகைக்குள் முடியுமா? ஆகஸ்ட் வரைக்கும் இங்கிருந்தபடியே எதைப் பழகலாம்? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

கண்மாய்க்கரை (காளையார்கோவில்) | 3 மார்ச் 2025, இரவு 10.15

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் சால்மனைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ரீல் ராடு பழக ஐந்து மாதம் தாராளம், அதற்கு நம் கண்மாயை விட நல்ல இடம் வேண்டியதில்லை.

முதலில் ஒரு சாதாரண ராடு வாங்குங்கள். 7 அடி நீளம், இரண்டு துண்டாகப் பிரிவது, 3000 என்று எண் போட்ட ஸ்பின்னிங் ரீல். ராடும் ரீலும் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மடக்கு மடக்காக உள்ளே போகும் ராடு வேண்டாம். பையில் வைக்க வசதியாக இருக்கும், பெரிய மீன் இழுத்தால் மூட்டில் முறியும்.

இப்போது மார்ச் என்பதால் பல கண்மாய்களில் மடைப்பக்கம் இன்னும் தண்ணீர் கிடக்கிறது. தூண்டில் போடும் முன் குத்தகைதாரரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். மீன்பாசி ஏலம் எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டு வளர்த்த மீன் அது. மடைப்பக்கம் உட்கார்ந்து ஜிலேபி பிடிக்கிறேன், ரோகு மாட்டினால் எடைக்குப் பணம் தருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குடிதண்ணீர் ஊருணிப் பக்கம் மட்டும் தூண்டிலோடு போகவே கூடாது.

மே மாதம் கண்மாய் வற்றிவிடுமே என்று கவலைப்படாதீர்கள். வீசிப் பழகக் காய்ந்த கண்மாய்தான் வசதி. முள்ளைக் கழற்றிவிட்டு 15 கிராம் ஈயத்தை மட்டும் கட்டுங்கள். இருபது தப்படித் தூரத்தில் ஒரு பழைய சைக்கிள் டயரைப் போட்டு, அதற்குள் விழும்படி வீசுங்கள். ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, நரம்பை ஆட்காட்டி விரலில் பிடித்து, ராடு தலைக்கு மேல் முன்னே வரும்போது விரலை விட வேண்டும். சீக்கிரம் விட்டால் ஈயம் வானத்துக்குப் போகும். தாமதித்தால் காலடியில் விழும். சரியான இடம் எது என்று வாயால் சொல்லித் தர முடியாது, விரல் தானாகக் கற்றுக்கொள்ளும். தரையில் உரசிய நரம்பு பிசிறு தட்டியிருக்கும். மீன் பிடிக்கப் போகும் முன் நுனியில் இருந்து நான்கைந்து முழம் வெட்டி எறிந்துவிடுங்கள்.

ஃப்ரேசர் கண்டனூரான் | 4 மார்ச் 2025, காலை 9.05

ஐயா, வணக்கம். சொந்த ஊர் கண்டனூர். இப்போது இருப்பது உங்கள் மகன் ஊருக்கு அடுத்த சில்லிவாக்கில். நீங்கள் வரும் ஆண்டு நல்ல ஆண்டு. காரணத்தைச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்து சால்மன் ஐந்து வகை: சினுக், கோஹோ, சாக்கய், பிங்க், சம். இவற்றில் சிறியது பிங்க். சராசரியாக இரண்டு கிலோ இருக்கும். அதன் ஆயுள் சரியாக இரண்டு ஆண்டு. ஃப்ரேசர் ஆற்றுக்கு ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே பெருங்கூட்டமாக வரும். 2023-ல் வந்தது, இந்த 2025-ல் வரும், அடுத்து 2027. புதிதாகப் பழகுகிறவருக்கு பிங்க் போன்ற மீன் வேறு இல்லை. கூட்டமாக வரும், கரையோரம் ஏறும், ஆற்றில் இறங்காமலே வீச முடியும், விலை உயர்ந்த சாமான் எதையும் கேட்காது. ஆகஸ்ட் கடைசியில் இருந்து செப்டம்பர் வரை அதன் மேல் கவனம் வையுங்கள். அக்டோபர் பிறந்ததும் எங்கள் ஊர்ப் பக்கத்து வெட்டர் ஆற்றில் கோஹோவும் சம்மும் சினுக்கும் இருக்கும்.

இனிப் பணம். கனடா டாலர் 60 ரூபாயை ஒட்டி நிற்கிறது. ஆக உங்களிடம் 400 டாலர் இருக்கிறது. அதில் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உரிமத்துக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், வயதுச் சலுகையும் இல்லை. மீன்பிடி உரிமத்தோடு சால்மனுக்கென்று ஒரு முத்திரையும் சேர்த்து வாங்கினால்தான் பிடித்த சால்மனை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இரண்டும் இணையத்தில் கிடைக்கும். உரிம ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, ஆகவே இப்போதே வாங்கி வைக்காதீர்கள்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மிஷன் ஊரில் ஃப்ரேசர் மீது ஒரு ரயில் பாலம் இருக்கிறது. பாலத்துக்குக் கீழே, கடல் பக்கம் உள்ள ஆறு கடல் ஏற்றவற்றம் எட்டும் பகுதி. அங்கே மத்திய அரசின் உரிமம் வேண்டும். பாலத்துக்கு மேலே மாகாண அரசின் நன்னீர் உரிமம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இடத்தில் தூண்டில் போட்டால் அபராதம்தான். நன்னீர் உரிமம் மட்டும் வாங்கிக்கொண்டு பாலத்துக்கு மேலேயும் வெட்டரிலும் பிடியுங்கள்; இரண்டு உரிமத்துக்குச் செலவழிக்க வேண்டாம். எந்த இனத்தை, எந்தப் பகுதியில், எந்த நாளில் பிடிக்கலாம் என்று மீன்வளத் துறை பருவத்துக்கு நடுவிலேயே அறிவிப்பு விடும், மாற்றும், மூடும். கிளம்பும் நாள் காலையில் அந்த அறிவிப்பைப் படிக்காமல் வீட்டை விட்டு இறங்கக் கூடாது. 2019-ல் ஃப்ரேசரின் மேல்பகுதியில், பிக் பார் என்ற இடத்தில் மலைச்சரிவு ஆற்றை அடைத்திருப்பது தெரியவந்தது. மீன் மேலே ஏற முடியாமல் தவித்தது. அப்படிப்பட்ட ஆறு இது. மூடினால் காரணத்தோடுதான் மூடுவார்கள்.

சாமான் பட்டியலை அடுத்த பதிவில் எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

செக்காலைக்காரன் | 4 மார்ச் 2025, பகல் 1.30

ஒரு மாற்றுக் கருத்து. மட்டமான ராடு வாங்கினால் பழக்கமும் மட்டமாகத்தான் வரும். 25,000 கையில் இருக்கிறதல்லவா? நல்ல நிறுவனத்தின் கார்பன் ராடு பதினைந்தாயிரத்துக்கு வாங்கி இங்கேயே பழகி, அதையே விமானத்தில் எடுத்துப் போகலாம். வாழ்நாள் முழுவதும் வரும் பொருளுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

கண்மாய்க்கரை | 4 மார்ச் 2025, மாலை 6.50

செக்காலைத் தம்பி சொல்வது நாள்தோறும் தூண்டில் போடுகிறவருக்குப் பொருந்தும். ஐயாவுக்கு ராடு எப்படி வளையும், கை எங்கே நிற்கும் என்பதே இனிமேல்தான் தெரிய வேண்டும். கல்லில் மோதியும் கார்க் கதவில் மாட்டியும் நுனி உடைவது புதியவர் ராடுக்குத்தான். மலிவான ஃபைபர் கிளாஸ் ராடு கனமானாலும் அடி தாங்கும். பணத்தை ராடில் போடாமல் நல்ல நரம்பிலும் கூரான முள்ளிலும் போட்டால் மீன் கரைக்கு வரும். மீனுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது அந்த இரண்டும்தான்.

ஃப்ரேசர் கண்டனூரான் | 5 மார்ச் 2025, காலை 8.20

கண்மாய்க்கரை அண்ணன் சொன்னதே என் கருத்தும். ஊரில் வாங்கும் ராடு ஊரிலேயே இருக்கட்டும். இங்கே வந்ததும் 9 அடி அல்லது 10 அடி ராடு, இரண்டு துண்டு, 8 முதல் 15 பவுண்டு நரம்புக்கு என்று எழுதியிருப்பது, 4000 ரீலோடு சேர்ந்தது, 80 முதல் 100 டாலருக்குள் பெரிய கடைகளில் கிடைக்கும். பழைய சாமான் விற்பவர்களிடம் இன்னும் மலிவு. பழைய ரீல் வாங்கினால் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடும் ஓசை கேட்டால் வாங்க வேண்டாம்.

நரம்பு 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ தாங்குவது. நுனியில் சுழலி (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் சிறு இணைப்பு) வைத்து அதற்குக் கீழே 10 பவுண்டு நரம்பு ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக. பாறையில் முள் சிக்கினால் கீழ்நரம்பு மட்டும் அறுந்து, தக்கையும் ஈயமும் திரும்பி வரும். பிங்க் மீனுக்கு ரோஸ் நிற ஸ்பூன் (கரண்டி வடிவில் உலோகத்தில் செய்த பொய் இரை) நான்கைந்து போதும். வெட்டருக்கு நீளத் தக்கை இரண்டு, ஈயம், முள், ரோஸ் அல்லது ஆரஞ்சு கம்பளி நூல். ஆம், கம்பளி நூல்தான்! முள்ளுக்கு மேல் சிறு குஞ்சமாகக் கட்டினால் மீன் முட்டை போல மிதக்கும். ஆற்றில் ஏறிய சால்மன் இரை தேடுவதில்லை. எரிச்சலிலோ பழக்கத்திலோ வாயில் கவ்வுகிறது. அதனால் விலை உயர்ந்த இரை கட்டாயமில்லை. இவை எல்லாமாக 50 டாலர். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், குறடு, தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும் ஒளியைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஆகியவை இன்னொரு 60 டாலர். மார்பு வரை வரும் நீர்க்கால்சட்டையை இந்த முறை வாங்க வேண்டாம். பனிமலை உருகி வரும் தண்ணீர். காலுக்கடியில் கூழாங்கல் உருளும். நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துப் போயிருக்கிறது.

முள் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. ஆற்றில் ஒற்றை முள் மட்டும்தான். முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர் இருக்கக் கூடாது. அந்தக் கூரைக் குறடால் நசுக்கிப் படிய வைத்துவிட்டு, வேட்டித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் இன்னும் படியவில்லை. வழுவழுப்பாகத் திரும்பி வந்தால் சரி. கரையில் சோதிக்க வரும் அலுவலரும் துணியில்தான் பார்ப்பார்.

கிளாஸ்கோவில் ஒரு குன்றக்குடியான் | 5 மார்ச் 2025, மாலை 4.10

வாத்தியார் ஐயா கேள்விப்பட்ட 'பணக்காரர் பொழுதுபோக்கு' எங்கள் ஸ்காட்லாந்துக் கதை. இங்கே இருப்பது அட்லாண்டிக் சால்மன். ராடுக்கு அரசு உரிமம் தேவையில்லை. ஆனால் ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமை தனியார் சொத்து. உரிமைக்காரரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் முள்ளை நனைக்க முடியாது. பெயர் பெற்ற ஆறுகளில் ஒரு நாள் சீட்டின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். உள்ளூர்ச் சங்கங்களின் சீட்டு மலிவு, நான் அப்படித்தான் காலம் தள்ளுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது சட்டப்படியே தடை. நீங்கள் போகும் பக்கம் ஆறு எல்லோருக்கும் பொது என்பது பெரிய கொடுப்பினை, ஐயா. தயங்காமல் போங்கள்.

தொண்டி கடலோடி | 5 மார்ச் 2025, இரவு 9.30

கண்மாய் ஜிலேபியை மட்டும் பிடித்துவிட்டுப் போனால் சால்மன் முதல் ஓட்டத்திலேயே நரம்பை அறுத்துவிடும். ரீல் நரம்பு விட்டுக்கொடுப்பதைக் கை உணர வேண்டும். தேவகோட்டையில் இருந்து திருவாடானை வழி தொண்டிக்கு பஸ் ஏறி வாருங்கள். எங்கள் பக்கம் கடல் ஆழமில்லாத சேற்றுக் கடல், அலை குறைவு. இறாலைக் கோத்துப் போட்டால் கெளுத்தி, ஓரா, நேரம் நன்றாக இருந்தால் காலா. கடையில் இந்தியன் சால்மன் என்று விற்கிறார்களே, அந்தக் காலாவுக்கும் கனடா மீனுக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆனால் முள் பட்டதும் ஓடும் ஓட்டம் உங்களுக்கு நல்ல பாடம். வாடைக் காற்று அடங்கிய மாதங்களில் வாருங்கள்.

ரீலின் திருகை எவ்வளவு இறுக்குவது என்று பலர் கேட்பார்கள். நிறைந்த 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பு நுனியில் கட்டி, ரீலில் இருந்து நேரே தொங்கவிடுங்கள். பாட்டில் நகராமல் நின்றால் திருகு இறுக்கம். மடமடவென்று இறங்கினால் தளர்வு. அரைமனதாக, மெல்ல இறங்க வேண்டும். 7 கிலோ நரம்புக்கு அது சரியான அளவு.

ஓராவையும் கெளுத்தியையும் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம், முள் குத்தினால் கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை வைத்தால் வலி தணியும். பேத்தை என்ற நச்சு மீன் மாட்டினால் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். யார் என்ன சொன்னாலும் சமைக்கக் கூடாது. வெட்டிய நரம்புத் துண்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஆமையும் ஆவுளியாவும் (கடல்பசு) மேயும் கடல் இது.

தேவகோட்டை வாத்தியார் | 9 மார்ச் 2025, இரவு 8.00

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதியதைப் பார்த்து மனம் நிறைந்துவிட்டது. ராடு வாங்கிவிட்டேன். குத்தகைதாரர் என்னிடம் படித்த பையன், அனுமதி கிடைத்தது.

ஒரு சந்தேகம். யூடியூபில் ஃப்ரேசர் கரைக் காணொளிகள் சிலவற்றைப் பார்த்தேன். ஈயத்துக்குக் கீழே பத்தடிக்கும் மேல் நரம்பு விட்டு, ஓட்டத்துக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மீன் மேல் மீன் மாட்டுகிறது. இரை எதையும் காணோம். புதியவருக்கு இது சுலபமோ?

செக்காலைக்காரன் | 9 மார்ச் 2025, இரவு 8.45

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சுலபம், செலவும் குறைவு. நீள நரம்பு மீனின் திறந்த வாய்க்குள் நுழைந்து, முள் வெளிப்பக்கமாக வாயில் மாட்டிக்கொள்ளும். வாயில் மாட்டியதால் சட்டப்படியும் தப்பில்லை என்கிறார்கள். கூட்டமாக வரும் மீன். எப்படிப் பிடித்தால் என்ன?

ஃப்ரேசர் கண்டனூரான் | 10 மார்ச் 2025, காலை 7.40

தம்பி, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மீனை வேண்டுமென்றே உடம்பில் குத்தி இழுப்பது இங்கே குற்றம். வாயைத் தவிர வேறு எங்கு மாட்டினாலும் மீனை உடனே விட்டுவிட வேண்டும். நீள நரம்பை இழுக்கிறவர்களுக்கு மீன் வாயில்தான் மாட்டும் என்ற உறுதி ஏது? துடுப்பில், வயிற்றில், வாலில் மாட்டுகிறது. முட்டையிடப் போகும் மீன் அது. வயிறு கிழிந்து திரும்ப விடப்பட்ட மீன் எத்தனை தூரம் ஏறும்? பசிபிக் சால்மன் வாழ்நாளில் ஒரே முறை முட்டையிட்டுச் சாகும். அதற்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிங்க் கூட்டத்தோடு கூட்டமாக, பிடிக்கத் தடையுள்ள இனங்களும் அதே ஓட்டத்தில் ஏறுகின்றன. தக்கையோ ஸ்பூனோ போட்டால் விரும்பி வந்து கவ்விய மீன் மட்டும் மாட்டும். குறுக்கே இழுத்தால் எது மாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்டோலோ பழங்குடி மக்கள் எத்தனையோ தலைமுறையாக இந்த மீனை நம்பி வாழ்கிறார்கள். அவர்கள் வலை போடும் இடங்களும் அதே கரையில்தான். விருந்தாளியாக வந்து நிற்கிற நாம் அந்த ஆற்றில் முறையோடு நிற்க வேண்டும்.

வாத்தியார் ஐயா, உங்களுக்குத் தக்கைத் தூண்டில் ஏற்கெனவே தெரியும். வெட்டரில் நல்ல கை என்று பெயர் எடுத்தவர்கள் செய்வதும் அதே வேலைதான். அதை விட்டுவிட்டு இழுப்பைப் பழக வேண்டாம்.

செக்காலைக்காரன் | 10 மார்ச் 2025, மாலை 7.15

ஒரே முறைதான் முட்டையிடும் என்பது எனக்குத் தெரியாது, அண்ணே. நீங்கள் சொல்வது நியாயம். ஆனாலும் சட்டமே இதை வெளிப்படையாகத் தடுத்துவிட்டால் புதியவர் குழம்ப மாட்டார் அல்லவா?

ஃப்ரேசர் கண்டனூரான் | 11 மார்ச் 2025, காலை 7.10

தடுக்க வேண்டும் என்று இங்கேயும் நீண்ட காலமாக வாதாடுகிறோம். யாருடைய மனதில் என்ன நோக்கம் என்று கரையில் நிற்கும் அலுவலர் எப்படி நிரூபிப்பார் என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது.

பள்ளத்தூர் ஆச்சி | 12 மார்ச் 2025, காலை 11.20

இரண்டு முறை மகள் வீட்டுக்கு வான்கூவர் போய் வந்தவள் நான். மருமகனோடு ஆற்றங்கரையில் நின்றிருக்கிறேன். பெண்கள் யாரும் இதில் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

வாத்தியார் வீட்டு அம்மாவையும் கரைக்கு அழைத்துப் போங்கள். ஆனால் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள் என்று ராடை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். தூண்டில் போடும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வேண்டும்.

பிங்க் மீனின் சதை மென்மையானது. பிடித்த உடனே செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைக்காவிட்டால் வீடு சேர்வதற்குள் குழைந்துவிடும். பெட்டி வாங்கும் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் ஏறி நாளானதும் ஆண் மீனுக்கு முதுகு கூனி, உடல் கறுத்துப் போகும். அது சாப்பிட நன்றாக இராது, விட்டுவிடலாம். வெள்ளி போலப் பளபளக்கும் மீனைத்தான் எடுக்க வேண்டும். குழம்புக்குப் புளியைக் கொஞ்சம் தூக்கலாகவும் மிளகு சோம்பு அரைத்தும் வைத்தால் நன்றாக இருக்கும். குழம்பு கொதித்து இறக்குவதற்குச் சற்று முன்னால் துண்டைப் போடுங்கள். விரால் போல நினைத்து முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். அந்த ஊரில் சிலர் செய்வது போலப் பச்சையாகச் சாப்பிட ஆசைப்பட வேண்டாம், ஆற்று சால்மனில் புழு இருக்கும்.

நவம்பரில் விரல் விறைத்துப்போகும். முடிச்சுகளை வீட்டிலேயே போட்டு எடுத்துப் போவது நல்லது.

தேவகோட்டை வாத்தியார் | 15 ஜூன் 2025, இரவு 7.45

கண்மாய் வற்றிவிட்டது. கண்மாய்க்கரைத் தம்பி சொன்னபடி டயரைப் போட்டு, மாலையில் வெயில் தாழ்ந்ததும் வீசிப் பழகுகிறேன். ஆடு மேய்க்கிற பையன்கள்தான் நடுவர்கள். விரல் விடும் இடம் பிடிபட்டுவிட்டது. தொண்டிக்கும் போய் வந்தேன். கெளுத்தியும் ஓராவும் கிடைத்தன. காலா ஒன்று மாட்டி, ரீலில் நரம்பு ஓடும் ஓசையைக் கேட்டேன். தண்ணீர் பாட்டில் கணக்கு சரியாக வேலை செய்தது. மீன் கரைக்கு வந்தது.

முடிச்சில்தான் சந்தேகம். ஐந்து சுற்றுச் சுற்றி நுனியை வளையத்துக்குள் விட்டு இழுக்கும் முடிச்சைப் போடுகிறேன். சில சமயம் நழுவிவிடுகிறது. ஓடும் ஆற்றில் தக்கையை எப்படிப் படிப்பது என்றும் சொல்லுங்கள். கண்மாய்த் தண்ணீர் நின்ற தண்ணீர் அல்லவா?

கண்மாய்க்கரை | 15 ஜூன் 2025, இரவு 9.00

இறுக்கும் முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள், ஐயா. உலர்ந்தபடி இழுத்தால் உராய்வில் நரம்பு சூடேறி அந்த இடத்திலேயே வலு இழந்துவிடும். வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்கார வேண்டும். அறுந்து வந்த நுனியைப் பாருங்கள்: சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, நேராக இருந்தால் நரம்பு அறுந்திருக்கிறது.

ஃப்ரேசர் கண்டனூரான் | 16 ஜூன் 2025, காலை 8.30

தக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

தக்கை நீரோட்டத்தில் மிதக்கும் நுரையோடு ஒரே வேகத்தில் போக வேண்டும், நேராக நிற்க வேண்டும். தக்கையின் தலை ஓட்டம் போகும் திசையில் சாய்ந்தால் ஈயம் தரையில் உரசுகிறது. தக்கையைக் கீழே நகர்த்தி ஆழத்தைக் குறையுங்கள். தலை எதிர்த் திசையில், மேல்நீர்ப் பக்கம் சாய்ந்தால் உங்கள் நரம்பு அதைப் பிடித்து நிறுத்துகிறது. நரம்பைக் கொஞ்சம் விடுங்கள். தக்கைக்கும் ராடுக்கும் நடுவில் நரம்பு வில்லாக வளைந்து ஓட்டத்தோடு போய்விட்டால், ராடு நுனியைத் தூக்கி அந்த வளைவை மேல்நீர்ப் பக்கம் எடுத்துப் போடுங்கள். முள் தரைக்கு ஒரு சாண் மேலே போக வேண்டும், மீன் படுத்திருப்பது அங்கேதான். இடையிடையே தக்கை லேசாகத் துடித்தால் கல் தட்டுகிறது என்று பொருள், ஆழம் சரி. முழுவதும் மறைந்தால் சந்தேகப்படாமல் சுண்டுங்கள்.

அடையாளம் தெரிந்துகொள்வதும் கட்டாயம். வால் முழுவதும் பெரிய நீள்வட்டக் கரும்புள்ளி, மிகச் சிறிய செதில் என்றால் பிங்க். வாலின் மேல்பாதியில் மட்டும் புள்ளி, ஈறு வெள்ளை என்றால் கோஹோ. வால் முழுவதும் புள்ளியும் கறுப்பு ஈறும் சினுக். சம்முக்கும் சாக்கய்க்கும் வாலில் புள்ளி இல்லை. ஆற்றில் ஏறிய சம்முக்கு உடம்பில் குறுக்குப் பட்டை விழுந்திருக்கும்.

கோஹோவில் இன்னும் ஒரு படி உண்டு. நம் ஊர்க் கெளுத்திக்கு முதுகின் பின்புறம் எலும்பில்லாமல் சதையாக ஒரு துடுப்பு இருக்குமே, சால்மனுக்கும் அதே இடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுக்கு அந்தத் துடுப்பை வெட்டி விடுகிறார்கள். வெட்டி ஆறிய தழும்பு இருந்தால் எடுக்கலாம். துடுப்பு முழுதாக இருந்தால் அது காட்டு மீன். நீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றி அனுப்ப வேண்டும்.

தேவகோட்டை வாத்தியார் | 12 அக்டோபர் 2025, இந்திய நேரம் காலை 9.15

அபட்ஸ்ஃபோர்டில் இருந்து எழுதுகிறேன். செப்டம்பரில் ரோஸ் நிற ஸ்பூனில் பிங்க் பிடித்துவிட்டேன்! கண்டனூர்த் தம்பி நேரில் வந்து இடம் காட்டினார். கரையில் நின்றபடியே வீசினேன், கண்மாய்க் கைப்பழக்கம் அப்படியே வந்தது. ஆச்சி சொன்ன முறையில் குழம்பு வைத்தோம்; மருமகளின் தோழிகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இதுவரை ஆன செலவு உரிமம், பனிக்கட்டிப் பெட்டி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்குள் நிற்கிறது. சாமான்களை மகன் வீட்டிலேயே விட்டுவிட்டு வரப் போகிறேன், அவனுக்கும் ஆசை வந்துவிட்டது.

போன வாரம் வெட்டரில் தக்கை போட்டு ஒரு கோஹோ மாட்டியது. கரையோரத் தண்ணீரிலேயே வைத்துப் பார்த்தேன். முதுகின் பின்புறச் சதைத் துடுப்பு முழுதாக இருந்தது. முள் சட்டென்று கழன்றது, நீந்திப் போய்விட்டது. அதன் பிறகு அந்த மடுவில் சம் மட்டும்தான் கவ்வுகிறது. கோஹோ அங்கேதான் துள்ளுகிறது, தக்கையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

ஃப்ரேசர் கண்டனூரான் | 12 அக்டோபர் 2025, இந்திய நேரம் இரவு 9.50

பகல் ஏறியதும் கோஹோ வாயை மூடிக்கொள்ளும், ஐயா. விடியும் முன் போய் இடம் பிடித்து, வெளிச்சம் வந்த முதல் ஒரு மணி நேரத்தைக் குறி வையுங்கள். நட்டநடு ஓட்டத்தில் போடாதீர்கள், அது சம் படுக்கும் இடம். கரையோரம் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில், விழுந்த மரத்தை ஒட்டிப் போடுங்கள்; நின்ற தண்ணீர்த் தூண்டில் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தக்கையைச் சிறியதாக்கிக் கம்பளிக் குஞ்சத்தைப் பாதியாக வெட்டுங்கள். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலை ஐந்தரைக்கு வண்டியோடு வருகிறேன், அம்மாவையும் கிளம்பியிருக்கச் சொல்லுங்கள்.